ஐஸ்லாந்தில் வாடகைக் கார்: நாலு வகை இன்ஷூரன்ஸ், ஒரே ஒரு கார்டு லிமிட்

ஐஸ்லாந்து போவது என்று முடிவான அன்றைக்கே என் மச்சான் கார் விலையைப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். டஸ்டர், ஆட்டோமேட்டிக், ஒரு நாளைக்கு 11,000 குரோனா. "சீப்பா இருக்கு மாமா, போட்டுடலாமா?" ஏப்ரல் முதல் வாரம், ஆறு நாள், நாங்கள் இரண்டு ஜோடி. ஒரு குரோனா ஏறக்குறைய 70 காசு என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 7,700 ரூபாய், தலைக்கு இரண்டாயிரம்கூட வராது. நானும் போடு என்றுதான் சொல்லியிருப்பேன், அடுத்த பக்கத்தில் இருந்த ஒரு வரியைப் பார்க்காமல் இருந்திருந்தால். செல்ஃப் ரிஸ்க், 3,60,000 குரோனா. நம் பணத்தில் இரண்டரை லட்சம்.

இந்த செல்ஃப் ரிஸ்க் என்பது மற்ற நாடுகளில் எக்ஸஸ் என்று சொல்வதுதான். காருக்கு அடிபட்டால் முதலில் நம் கையிலிருந்து போகவேண்டிய தொகை, அதற்கு மேல் போனால்தான் இன்ஷூரன்ஸ் வரும். நம்மூரில் பம்பர் டு பம்பர் எடுத்துவிட்டு, கிளெய்முக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று மண்டையில் ஏறாது. "அதான் இன்ஷூரன்ஸ் சேர்ந்தே வருதுன்னு போட்டிருக்கே" என்று மச்சான் கேட்டான். வருகிறதுதான். ஐஸ்லாந்தில் மூன்றாம் நபருக்கான காப்பீடும், சிடிடபிள்யூ என்கிற அடிப்படைக் கவரும் வாடகைக்குள்ளேயே அடக்கம். ஆனால் அந்த அடிப்படைக் கவரின் வேலை, முழுக் காரின் விலையை நம் தலையில் விழாமல் தடுப்பது மட்டும்தான். கீறல், நசுங்கல், உடைந்த கண்ணாடி என்று நிஜத்தில் நடப்பதெல்லாம் அந்த மூணு லட்சத்துச் சொச்சம் குரோனாவுக்குள்ளேயே முடிந்துவிடும். அதாவது, முழுக்க நம் செலவு.

சரி, இதை எப்படிக் குறைப்பது? நாலு வழி இருந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் துருவித் துருவிப் பார்த்தோம், வீட்டில் கொஞ்சம் சண்டையும் நடந்தது.

முதல் வழி, எதுவும் கூடுதலாக எடுக்காமல் அடிப்படைக் கவரோடு போவது. தைரியம் இருந்தால் மிச்சம் நிறைய. பலரும் அப்படித்தான் போய்வருகிறார்கள், பத்துக்கு ஒன்பது பேர் ஒரு கீறல்கூட இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். எங்களைத் தடுத்தது தைரியக் குறைவு இல்லை, கார்டு லிமிட். நாங்கள் பார்த்த நிறுவனம் செல்ஃப் ரிஸ்க் தொகை முழுவதையும் கிரெடிட் கார்டில் பிளாக் செய்துவைக்கும். என் கார்டின் லிமிட் மூன்று லட்சம், அதில் இரண்டரை லட்சம் கெஃப்லாவீக் விமான நிலையத்திலேயே முடங்கிவிட்டால் ஓட்டலுக்கும் பெட்ரோலுக்கும் என்ன செய்வது? ஃபாரெக்ஸ் கார்டை நீட்டலாமே என்றால், டெபாசிட்டுக்கு ப்ரீபெய்டு கார்டு பெரும்பாலும் செல்லாது. கார்டில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் முதல் ஓட்டுநராக இருப்பவர் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது இன்னொரு வம்பு, கார்டு மனைவி பெயரில், ஸ்டீயரிங் கணவர் கையில் என்றால் கவுன்டரில் நின்று விழிக்கவேண்டியதுதான். சில உள்ளூர் நிறுவனங்கள் பிளாக் செய்வதில்லை, கார்டு விவரம் மட்டும் வாங்கிவைத்துக்கொள்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் இந்த முதல் வழிக்குக் கொஞ்சம் உயிர் வரும்.

இரண்டாவது, வாடகை நிறுவனமே விற்கிற கூடுதல் கவர்கள். இங்கேதான் ஐஸ்லாந்து மற்ற ஊர்களிலிருந்து விலகுகிறது. சூப்பர் சிடிடபிள்யூ எல்லா நாட்டிலும் உண்டு, அது எக்ஸஸைக் குறைக்கும், எங்களுக்கு நாளுக்கு 2,400 குரோனாவில் 3,60,000 என்பது 90,000 ஆகும் என்றார்கள். அதோடு நிற்காமல் கிராவல் கவர் என்று ஒன்று, நாளுக்கு 1,300, எதிர்வண்டி தெறிக்கும் ஜல்லிக் கல்லுக்கு. சாண்ட் அண்ட் ஆஷ் என்று இன்னொன்று, நாளுக்கு 1,900, மணல் புயலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும். திருட்டுக்கான கவர் பெரும்பாலும் சும்மாவே சேர்ந்து வரும், ஏனென்றால் அந்தத் தீவில் காரைத் திருடிக்கொண்டு எங்கே போவது?

மணலும் சாம்பலும் என்று படித்ததும் மச்சானுக்குச் சிரிப்பு. விற்பதற்கு ஏதாவது பெயர் வைக்கிறார்கள் என்றான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2010-ல் ஐரோப்பாவின் விமானங்களையெல்லாம் நாள்கணக்கில் தரையிறக்கிவைத்தது இதே ஊர் எரிமலைதான் (பெயரை எழுதினால் இன்னொரு பத்தி வேண்டும், விட்டுவிடுவோம்). சாம்பலைவிட நாம் பயப்படவேண்டியது மணலுக்கு. தெற்குக் கரையில் வீக் என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் மீர்தால்சாண்டுர், அதற்கும் கிழக்கே ஸ்கெய்தராசாண்டுர் என்று இரண்டு பெரிய கருமணல் வெளிகள். பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடிக்கும்போதெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கொட்டிய மணல். மரம் கிடையாது, வீடு கிடையாது, ஒன்றாம் எண் சாலை அதன் நடுவே நேராகப் போகிறது. பலத்த காற்று அடிக்கிற நாளில் அந்த மணல் கிளம்பினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி பெயின்ட் போய்விடும், கண்ணாடி மங்கிவிடும், அதுவும் ஒரு பக்கம் முழுக்க. பம்பர் ஒன்றை மாற்றுவதும் காரின் பாதியை மறுபடி பெயின்ட் அடித்து எல்லாக் கண்ணாடியையும் மாற்றுவதும் ஒரே செலவா? இதைச் சாதாரண சிடிடபிள்யூவும் எடுக்காது, பல இடங்களில் சூப்பரும் எடுக்காது. பில் வந்தால் அந்த 3,60,000 என்ற கூரைகூட நமக்கு இல்லை என்பதுதான் இதில் உள்ள விஷயம்.

மூன்றையும் தனித்தனியாகக் கூட்டினால் ஆறு நாளைக்கு 33,600 குரோனா. அதே நிறுவனத்தின் முழுப் பொதி, செல்ஃப் ரிஸ்க் பூஜ்யம் என்று போட்டது, நாளுக்கு 5,900, ஆக 35,400. வித்தியாசம் 1,800 குரோனா. இப்படி விலை வைப்பதே நம்மை மேலே தள்ளுவதற்குத்தான் என்று தெரிகிறது, தெரிந்தும் என்ன செய்ய, கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

மூன்றாவது வழி, புக்கிங் தளம் விற்கிற ஃபுல் கவர். இதுதான் மச்சானின் கட்சி. ஆறு நாளைக்கு 42 யூரோ, நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். முழுப் பொதி இருபத்தைந்தாயிரம். இருபதாயிரம் ரூபாயைச் சும்மா கொடுக்கணுமா மாமா என்று கேட்டால் என்னிடம் உடனே பதில் இல்லைதான்.

பதில் கிடைத்தது அந்த பாலிசியை உட்கார்ந்து படித்தபோது. இது வாடகை நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத தனி இன்ஷூரன்ஸ். கவுன்டரில் இருப்பவரைப் பொறுத்தவரை நாம் அடிப்படைக் கவரோடு வந்த ஆள். டெபாசிட் முழுசாகப் பிளாக் ஆகும். அடிபட்டால் நிறுவனம் நம் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும், நாம் ஒப்பந்தம், சேத அறிக்கை, பில், கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாம் சேர்த்து அனுப்பி, அவர்கள் பார்த்து, கேள்வி கேட்டு, வாரக்கணக்கில் கழித்துத் திருப்பித் தருவார்கள். பணம் வரும், பொய் இல்லை, ஒழுங்காகக் காகிதம் வைத்திருந்தால் வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த இரண்டரை லட்சத்துக்கு, வெளிநாட்டுப் பணத்தில் கட்டியதற்காக நம் வங்கி போடுகிற 3.5 சதவீத மார்க்கப்பும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது, அதை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். மார்க்கப் இல்லாத கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்களுக்கு வந்த பாலிசியில் டயரும் கண்ணாடியும் சேர்ந்திருந்தன, அது நல்ல விஷயம், நிறுவனத்தின் சூப்பர் சிடிடபிள்யூவில்கூட அது இல்லை. மணல் புயலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. இயற்கைச் சீற்றம் விலக்கு என்று பொதுவாக ஒரு வரி, அவ்வளவுதான். மணல் அடிப்பது சீற்றமா, சாதாரணக் காற்றா என்று ரெய்க்யவிக்கிலிருந்து கோயம்புத்தூர் திரும்பிய பிறகு ஈமெயிலில் வாதாட எனக்குத் தெம்பு கிடையாது.

இன்னொன்று, இந்த வெளி இன்ஷூரன்ஸ்களில் சில பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். லண்டனில் இருக்கும் உறவினர் "நான் வருஷ பாலிசி எடுத்திருக்கேன், ரொம்ப சீப்" என்று சொன்னால் அது அவருக்குச் சீப். நாம் வாங்கும் முன் குடியிருப்பு நாடு என்ற வரியைத் தேடிப் பார்க்கவேண்டும்.

நாலாவது வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஐஸ்லாந்து ஷெங்கன் நாடு, அதனால் விசாவுக்காகவே குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் கவரோடு பயணக் காப்பீடு எடுத்தாகவேண்டும். அதில் வாடகைக் காரும் வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்தக் கட்டாயத் தொகை நம் உடம்புக்கு, காருக்கு இல்லை. சில மேல்நிலைத் திட்டங்களில் கார் எக்ஸஸுக்கு என்று ஒரு சின்னத் தொகை இருக்கும், இருந்தால் போனஸ். அமெரிக்கக் கிரெடிட் கார்டுகள் சிலவற்றில் காரை வாடகைக்கு எடுத்தாலே கவர் உண்டு, அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் அதை நம்பித்தான் எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறார்கள். நம் இந்தியக் கார்டை வைத்துக்கொண்டு அதே வசனத்தைப் பேசக் கூடாது.

கடைசியில் முழுப் பொதியை எடுத்தோம். கவுன்டரில் எடுக்கவில்லை, வீட்டிலிருந்தே நிறுவனத்தின் தளத்தில் சேர்த்துப் பணம் கட்டினோம். அதிகாலை விமானத்தில் இறங்கி, தூக்கமில்லாமல், நாலு பெட்டியோடு வரிசையில் நிற்கும்போது யாராவது உடைந்த கண்ணாடிப் படத்தைக் காட்டினால் எதற்கும் தலையாட்டிவிடுவோம் என்று என்னை எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் நின்ற குடும்பத்திடம் இருந்தது மச்சான் சொன்ன அதே வகை ஃபுல் கவர். கவுன்டர்க்காரர் "இது இங்கே செல்லாது" என்றார். அவர் சொன்னது பாதி உண்மை, அவர்கள் நிறுவனத்துக்குச் செல்லாது, பாலிசி செல்லும். அந்த மனிதர் அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டாவது தடவையாக இன்ஷூரன்ஸ் வாங்கிக்கொண்டு போனார்.

முழுப் பொதி என்றாலும் பூஜ்யம் பூஜ்யம் இல்லை. ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்தால் எங்கள் பொதியில் கவர் கிடையாது. காரின் அடிப்பாகம் கல்லில் இடித்தால் கிடையாது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் எல்லாமே ரத்து, அதனால் மச்சான் பெயரைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்கத் தனியாகக் கட்டினோம். எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் மலைச் சாலைகளில் 4x4 இல்லாமல் போனால் கிடையாது, ஏப்ரலில் அவை மூடித்தான் கிடக்கும் என்பதால் எங்களுக்கு அந்தச் சோதனை வரவில்லை. அப்புறம் கதவு. காற்றில் கதவு பிய்ந்தால், எங்கள் ஒப்பந்தப்படி அதற்கு மட்டும் 90,000 குரோனா எங்களுடையது. பல நிறுவனங்களில் அதுகூட இல்லை, முழுசும் வாடகைக்காரர் தலையில்தான்.

கதவுக்கு எதற்குத் தனி விதி என்று வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது புரியவில்லை. திர்ஹோலாய் முனையில் கார் நிறுத்துகிற இடத்தில் புரிந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, கடல் கீழே வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது, பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கு இரண்டு வண்டி தள்ளி ஒரு பெண் கதவுக் கைப்பிடியை இழுத்தார், அவ்வளவுதான், கதவு அவர் கையை விட்டுப் போய் முன்பக்க ஃபெண்டரில் மோதி, திரும்ப வராமல் அப்படியே நின்றது. கீல் மடங்கிவிட்டது. இரண்டு பேர் தள்ளியும் மூடவில்லை, கடைசியில் சீட் பெல்ட்டை வெளியே இழுத்துக் கைப்பிடியில் கட்டினார்கள். அதற்குப் பிறகு எங்கள் வண்டியில் சட்டம் போட்டாயிற்று. மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து நிறுத்தவேண்டும், அப்போது காற்றே கதவை மூடும் பக்கம் அழுத்தும். ஒரு நேரத்தில் ஒரு கதவுதான் திறக்கவேண்டும், ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை கதவுச் சட்டத்தில். என் மனைவி நாலாம் நாளிலிருந்து ஓட்டல் அறைக் கதவையே அப்படித்தான் திறந்தாள்.

மணல் புயல் எங்களுக்கு வரவில்லை. வானிலைத் துறை மஞ்சள் எச்சரிக்கை போட்ட ஒரு நாள் வீக்கிலேயே உட்கார்ந்து சூப் குடித்துவிட்டு மறுநாள் போனோம், கவர் இருக்கிறதென்று அதற்குள் ஓட்டிப் பார்க்கவேண்டியதில்லை. அந்த 1,900 குரோனா வீண் என்று மச்சான் ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் கல் வந்தது. பனிக்கட்டி மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரிக்குப் போகும் வழியில், நல்ல தார்ச் சாலை, எதிரில் வந்த லாரி ஓரத்து ஜல்லியில் ஒரு சக்கரத்தை இறக்கி ஏற்றியது. டொக் என்று ஒரு சத்தம். கண்ணாடியில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு புள்ளி. சாயங்காலம் ஹொஃப்ன் போய்ச் சேரும்போது புள்ளியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கோடு ஓடியிருந்தது. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது நிறுவனத்துப் பையன் அதன்மேல் ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்துவிட்டு டேப்லெட்டில் ஏதோ தட்டினான். "ஆல் குட்" என்றான். அதுவே அடிப்படைக் கவராக இருந்திருந்தால் முன்கண்ணாடி முழுசும் எங்கள் செலவு.

இதே கணக்கை எல்லோரும் போடவேண்டும் என்றில்லை. நீங்கள் ஆகஸ்டில் போகிறீர்கள், ரெய்க்யவிக்குக்குக் கிழக்கே உள்ள தங்க வட்டம் என்கிற சுற்றுலாப் பாதையை மட்டும் இரண்டு நாள் பார்க்கிறீர்கள் என்றால், சூப்பரும் கிராவலும் போதும், மணலுக்குக் கட்டுவது எனக்கும் வீணாகத்தான் தெரிகிறது. இரண்டு நாள்தான் என்றால் காரே எதற்கு என்பேன், பேருந்துச் சுற்றுலாவில் ஏறிக்கொண்டால் இடப்பக்க ஸ்டீயரிங் பழகவேண்டியதில்லை. கார்டில் ஏழெட்டு லட்சம் லிமிட் இருந்து, மார்க்கப்பும் இல்லாமல், காகிதங்களை ஒழுங்காக அடுக்கிவைக்கிற ஆளாக இருந்தால் மச்சானின் 42 யூரோதான் சரி, அதோடு மணல் கவரை மட்டும் நிறுவனத்தில் தனியாக வாங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தீவை முழுசாகச் சுற்றுகிற ஒன்றாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல், பத்து நாள் அதில் சுற்றுகிறவர்கள் கவரில் கஞ்சத்தனம் பார்க்கவேண்டாம்.

இதை அப்படியே அமெரிக்காவுக்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே பயப்படவேண்டியது நம் காருக்கு இல்லை, நாம் இடிக்கிற ஆளின் ஆஸ்பத்திரி பில்லுக்கு. வாடகையோடு வருவது பல நேரம் மாநிலத்தின் குறைந்தபட்ச அளவுதான். கலிஃபோர்னியாவில் அது 2025 ஜனவரியில் உயர்ந்த பிறகும் ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு இரவு ஐசியூவில் அது என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே முதலில் வாங்கவேண்டியது கூடுதல் லயபிலிட்டி, அதாவது மூன்றாம் நபருக்கான காப்பீடு. கீறலைப் பற்றிய கவலை அப்புறம்.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக்குக்கு விலை கூடுதல், ஆனால் வலது கையால் கியர் போட்டுக்கொண்டு சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதை முதல் நாளே பனியில் பழக நான் தயாராக இல்லை. நம் லைசன்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் பெரிய பிரச்சினை இல்லை, இருந்தும் ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி ஐடிபி என்கிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டோம், ஓராண்டு செல்லும். ஆள் இல்லாத பெட்ரோல் பங்குகளில் பின் நம்பர் உள்ள கார்டு வேண்டும், அதுவும் போட்ட பெட்ரோலைவிடப் பெரிய தொகையைச் சில நாள் பிடித்துவைக்கும். மின்சாரக் கார் எடுப்பவர்களுக்கு 2024 ஜனவரியிலிருந்து கிலோமீட்டருக்கு 6 குரோனா என்று வரி தொடங்கியது, எந்தக் காராக இருந்தாலும் கிலோமீட்டர் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் வரி இருக்கிறதா என்று பாருங்கள். கவுன்டரிலோ கடையிலோ ரூபாயில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம், குரோனாவில் என்று சொல்லுங்கள், மெஷின் போடுகிற ரேட் எப்போதும் மோசம். காரை வாங்கும்போது மழையாக இருந்தாலும் சுற்றிச் சுற்றி வீடியோ எடுங்கள், சக்கர ரிம்மையும் சேர்த்து. எங்கள் வண்டியில் பின் ரிம்மில் பழைய கீறல் ஒன்று அவர்கள் படிவத்தில் இல்லை, வீடியோவைக் காட்டிய பிறகுதான் குறித்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஊருக்கு வந்து பன்னிரண்டாம் நாள் கார்டில் ஒரு மெசேஜ். திங்க்வெட்லிர் பூங்காவில் வண்டி நிறுத்தியதற்கு ஆப்பில் பணம் கட்டவேண்டும், கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும். மச்சான் கட்டிவிட்டதாக நான் நினைத்தேன், நான் கட்டிவிட்டதாக அவன் நினைத்திருக்கிறான். பார்க்கிங் கட்டணம், அதன்மேல் நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணம் அதைப்போல மூன்று மடங்கு. எந்தப் பொதியிலும் அது வராது. பாதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டு மச்சான் கீழே எழுதியிருந்தான்: "மணல் கவர்ல கழிச்சுக்கலாமா மாமா?"